ஒரு மெஷினில் மட்டும் ஓடிய டிவிடி

தொழிலாளர் துறை அலுவலகத்தின் படிகளில் இறங்கி வடக்கே நடந்துகொண்டிருந்தேன். யானைக்கவுனி வரை என்ன யோசித்தேன் என்று நினைவில்லை. அங்கே ஒரு தள்ளுவண்டிக்காரர், "ஓரமா போ நைனா, கனா கண்டுகினு வர்றியா?" என்று கத்திய பிறகுதான் நடுச்சாலையில் போகிறேன் என்று தெரிந்தது. பஸ்ஸுக்குக் காசு இருந்தும் ஏறவில்லை. ஒன்பது வருடம் வேலை பார்த்த கேபிள் கடைக்கு இனிப் போவதில்லை என்பது மட்டும் முடிவாகியிருந்தது. கடையில் என்னுடைய இரண்டு சட்டைகளும் ஒரு கட்டிங் பிளேயரும் கிடந்தன. அவற்றை எடுக்கவும் போகவில்லை.

போன மாதம் திருவொற்றியூரில் எங்கள் தெருவுக்கு ஃபைபர் இழுக்க இரண்டு பேர் வந்தார்கள். நானும் இந்தத் தொழிலில் இருந்தவன் என்று யாரோ சொல்ல, "டிஜிட்டல் வந்தப்போ ஜனங்க ரொம்ப சந்தோஷப்பட்டிருப்பாங்கல்ல பெரியவரே?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சந்தோஷப்பட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அந்தக் கேள்விக்கு எனக்கு ஞாபகம் வந்த ஆள் மட்டும் வேறு.

ஏழாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன். லாரியில் கிளீனராக விஜயவாடா வரை போனேன். எண்ணூர்ப் பக்கம் உப்பளத்தில் ஒரு கோடை முழுக்க நின்று உள்ளங்காலில் தோல் உரிந்தது. எங்கேயும் ஒரு வருடம் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, எனக்குக் கால் நிற்காது. அண்ணாச்சியின் கேபிள் கடையில் மட்டும் ஒன்பது வருடம் நின்றேன். கம்பம் ஏறுவது, கேபிளில் ஜாயின்ட் போடுவது, விசேஷங்களுக்கு வீடியோ பிடிப்பது எல்லாம் ஆறு மாதத்தில் கைக்கு வந்துவிட்டன.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மளிகைக் கடை வைக்க வந்தவர் வீடியோ கடை வைத்தார், பிறகு கேபிளும் சேர்ந்துகொண்டது. அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்பு செய்தால் ஸ்டூலை இழுத்து எதிரே போட்டு உட்காருவார். கண்ணாடியைக் கழற்றி பனியன் நுனியில் துடைப்பார். "சொல்லுடே, இப்ப என்ன செய்யலாம்?" என்று நம்மிடமே கேட்பார். இதற்கு நாலு திட்டு வாங்கிவிடலாம் என்று இருக்கும். வேலைக்கு உண்டான விதிகளைச் சிகரெட் அட்டையின் பின்பக்கம் உருண்டை எழுத்தில் எழுதி அந்தந்த மெஷின்மேல் ஒட்டிவைப்பார். ஏழாம் வகுப்புக்காரனுக்குப் புரிகிற தமிழில்தான் எழுதுவார்.

டிவிடி ரெக்கார்டர் கடைக்கு வந்த நாளில் அதற்குச் சந்தனம் வைத்தோம். கேசட்டில் இருக்கும் கல்யாணத்தை ஒரு வெள்ளித் தட்டுக்கு மாற்றிக் கொடுக்கும் மெஷின். பழைய கேசட் டெக்கிலிருந்து மூன்று ஒயர் இழுத்து இதில் செருக வேண்டும், மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. டிவிடியை ஓரத்தில் மட்டும் பிடித்து வைக்க வேண்டும். கேசட் எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அதுவும் ஓடும். முடிந்ததும் இன்னொரு வேலை இருந்தது. மெஷினில் அதை ஃபைனலைஸ் என்று காட்டும், எங்கள் கடையில் 'மூடுவது' என்று பேர். மூடினால்தான் அந்த டிவிடி மற்ற மெஷின்களில் ஓடும். மூடாவிட்டால் அது பதிவான மெஷின் ஒன்றில் மட்டும்தான் ஓடும்.

மூட ஏறக்குறைய கால் மணி நேரம் ஆகும். நடுவில் கரண்ட் போனால் டிவிடி செத்துவிடும், உள்ளே இருப்பது எதுவும் கிடைக்காது. அப்போதெல்லாம் கரண்ட் சொல்லிவிட்டும் போகும், சொல்லாமலும் போகும். முதல் மாதத்திலேயே, கேசட்டை அழித்த பிறகு மூடப்போய், இரண்டு கல்யாணம் அப்படிப் போயின. அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார், கண்ணாடியைத் துடைத்தார். மறுநாள் ரெக்கார்டர்மேல் ஒரு அட்டை இருந்தது: 'மூடாதே. கேட்டால் மட்டும் மூடு.'

யாரும் கேட்கவில்லை. டிவிடி பிளேயர் எங்கள் பக்கம் பத்து வீட்டுக்கு ஒன்றுகூட இல்லை. எங்களுக்கென்று ஒரு லோக்கல் சேனல் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜனங்கள் தங்கள் டிவிடியைக் கொண்டுவந்து கொடுப்பார்கள், நாங்கள் அதே ரெக்கார்டரில் போட்டு சேனலில் விடுவோம். காதுகுத்து நடந்த வீட்டோடு சேர்ந்து தெருவே அந்தக் காதுகுத்தைப் பார்க்கும். டிவிடியில் இடம் மிச்சமிருந்தால் அடுத்த விசேஷத்தையும் அதிலேயே ஏற்றிக்கொள்ளலாம், மூடாமல் வைத்ததில் அது ஒரு லாபம். டிவிடிக்கு மாற்றி முடித்த கேசட்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்துவோம். எங்கள் டிவிடிகள் வேறு எங்கும் ஓடாது என்பது யாருக்கும் தெரியாமலே வருடங்கள் போயின. எனக்கும் அண்ணாச்சிக்கும் தெரியும். அதை ஒரு குறையாக நாங்கள் நினைக்கவில்லை.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு வார்ப்பட ஆலை இருந்தது. ஆயுத பூஜைக்கு வருடாவருடம் நான்தான் அங்கே வீடியோ. பூஜை முடிந்ததும் மைக்கில் செக்‌ஷனையும் பேரையும் கூப்பிடுவார்கள். ஆள் வந்து மேனேஜர் கையால் ஸ்வீட் பாக்ஸும் ஒரு எவர்சில்வர் டப்பாவும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அந்த ஒரு நாள் உண்டு.

ஃபர்னஸில் வேலை செய்த ஏழுமலையை அப்படித்தான் தெரியும். பதினாலு வருடமாக மேஸ்திரி மூலம் வேலைக்குப் போகிற கான்ட்ராக்ட் ஆள். முதல் வருடம் சேனலில் பார்த்துவிட்டு நேராகக் கடைக்கு வந்தார்.

"இன்னா தலீவரே, மேனேஜர் மூஞ்சி மட்டும் பெர்சா கீது, என் மூஞ்சி கட்டெறும்பு மாதிரி கீது?"

"நீ வேகமா வந்து வேகமா பூட்ட."

"ஸ்வீட்ட புடுங்கிடுவானோன்னு பயம்பா."

அடுத்த வருடம் மெதுவாக நடந்து வந்தார். டப்பாவை வாங்கிக்கொண்டு கேமராவைப் பார்த்து நின்றார். மேனேஜரே சிரித்துவிட்டார். அதற்கடுத்த வருடம் என்னைத் தேடி வந்து முதல் இரண்டு வருட பூஜை இருந்த டிவிடியிலேயே அந்த வருடத்ததையும் மகள் காதுகுத்தையும் ஏற்றி வாங்கிக்கொண்டு போனார். நான்தான் ஏற்றினேன். மூடவில்லை.

பிறகு பாக்ஸ் வந்தது. வீட்டுக்கு வீடு செட்டாப் பாக்ஸ் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் வராது என்றார்கள். நான் ஒரு நாளைக்கு முப்பது வீடு ஏறி இறங்கினேன். ஒரு வீட்டில் பாக்ஸுக்கு எம்பிராய்டரி துணி போர்த்திச் சூடாக்கிவிட்டார்கள். இன்னொரு வீட்டில், படம் சதுரம் சதுரமாக உடைகிறது, யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்று எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். கிரிக்கெட் நடந்த நாள் ஒருவர் பாக்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு கடைக்கே வந்துவிட்டார்.

"பக்கத்து வூட்ல இன்னும் பழைய ஒயரு. அவன் அவுட்டுன்னு கத்துறான், எங்க வூட்ல பவுலரு இப்பதான் ஓடி வந்துகினு கீறான். இது இன்னா டிஜிட்டலு மாமு? நேத்து நியூச இன்னிக்கி பாக்குற மாதிரி!"

டிஜிட்டலில் படம் சில நொடி தாமதமாகத்தான் வரும் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் பழைய ஒயரில் போன சிக்னலையும் ஒரு நாள் நிறுத்தினோம். சிக்னல் எங்கேயோ இருந்த பெரிய கன்ட்ரோல் ரூமிலிருந்து வந்தது. எங்கள் சேனலுக்கு அதில் இடமில்லை. கூரைமேல் இருந்த தட்டு ஆன்டெனாவை இறக்கி இரும்புக்குப் போட்டோம். ரெக்கார்டர் தூசி படிந்து கிடந்தது. கொடுங்கையூரில் புது ஃபிளாட்டுக்குக் குடிபோன மோகன் என்ற ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், பக்திப் பாட்டு போட்டுப் பார்க்க ஏதாவது மெஷின் இருக்குமா என்று கேட்டார். அண்ணாச்சி அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

"ஜனங்க வீட்ல நம்ம டிவிடி எல்லாம் மூடாம கெடக்கே அண்ணாச்சி," என்றேன்.

"யாரு கேட்டா, டே?"

நானும் அத்தோடு விட்டுவிட்டேன். அப்போது ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கலாம். நாலு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் மூடிக் கொடுத்திருக்கலாம். தினமும் முப்பது வீடு ஏறிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேலையாகப் பட்டது.

ஏழுமலை இறந்தது அதற்கு ஒரு வருடம் கழித்து. கிரேன் சங்கிலி அறுந்து அச்சுப்பெட்டி அவர்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே உயிர் இல்லை. அவர் எங்கள் ஆள் இல்லை, யாரையோ பார்க்க உள்ளே வந்தவர் என்று ஆலை எழுதிக் கொடுத்தது. மேஸ்திரி வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கோ போய்விட்டார். பதினாலு வருடத்துக்கு ஒரு சீட்டு இல்லை, ஒரு அட்டை இல்லை. அவர் மனைவி போய்க் கூட வேலை செய்தவர்களைக் கேட்டால், நாளைக்கு எங்களை உள்ளே விடமாட்டார்கள் அக்கா என்று அழுதார்கள்.

ஏழுமலையின் மனைவி தேவகி டிவிடியோடு கடைக்கு வந்தார். தொழிலாளர் துறையில் நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்திருந்தார். கணவர் அந்த ஆலையில் வேலை செய்தார் என்று காட்ட இதுதான் இருக்கிறது என்று அதிகாரியிடம் கொடுத்திருக்கிறார். அங்கே கம்ப்யூட்டரிலும் ஓடவில்லை, பிளேயரிலும் ஓடவில்லை. ஆலையிடம் அவர்களுடைய பிரதியைக் கேட்டதற்கு அப்படி எதுவும் எடுக்கவே இல்லை என்றார்களாம்.

"இதுல ஒண்ணுமே இல்லன்றாங்க அண்ணா. சேனல்ல ஓடிச்சே, நான் பாத்தேனே. மைக்குல பேரு கூப்டாங்களே. ஆபீஸருக்கு அத ஒரு வாட்டி காட்னா போதும்."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதில் எல்லாம் இருக்கிறது, ஒரு மெஷின் வேண்டும், அவ்வளவுதான் என்றேன். அவர் முகத்தில் வந்த தெளிவு இன்றும் கண்ணில் நிற்கிறது.

மறுநாள் காலை இருவரும் கொடுங்கையூர் போனோம். அப்போது ஏரியாவுக்கு ஏரியா முறைவைத்து இரண்டு மணி நேரம் கரண்ட் நிறுத்துவார்கள். எங்கள் பக்கம் இரண்டு மணிக்குப் போகும். அதற்கு முன் முடித்துவிட வேண்டும் என்று காலையிலேயே கிளம்பினேன். அவ்வளவு கவனமாக இருந்தேன்.

மோகன் நல்ல மனிதர். குப்பைமேட்டுப் புகைக்கு ஜன்னலை அடைத்துவிட்டு எங்களை உட்காரவைத்தார். ரெக்கார்டரை டிவியோடு சேர்த்தேன். டிவிடி உள்ளே போயிற்று, கொஞ்சம் முனகிற்று, படம் வந்தது. மாவிலைத் தோரணம், பொரி, குங்குமம் வைத்த மெஷின்கள். மைக்கில் குரல்: "ஃபர்னஸ் செக்‌ஷன், ஏழுமலை." ஏழுமலை மெதுவாக நடந்து வந்தார். மேனேஜர் கையிலிருந்து டப்பாவை வாங்கினார். எங்களைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் சுவரில் ஆலையின் பேர் முழுதாகத் தெரிந்தது.

தேவகி அழவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு முன்னால் குனிந்தார். "அந்த சட்ட நான் தோச்சது," என்றார்.

காதுகுத்து வரும் முன்பே நான் நிறுத்திவிட்டேன், நேரம் பார்த்து.

"அண்ணா, இந்த மெஷினையே தூக்கிகினு ஆபீஸுக்குப் போலாமா?" என்று தேவகி கேட்டார்.

"எடுத்துகினு போங்கம்மா, நாளிக்கி கொண்டாந்து குடுங்க," என்றார் மோகன் சமையலறையிலிருந்து. டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் வாணாம்," என்றேன். "நான் மூடிக் குடுத்துட்டா எங்க வோணா ஓடும். கோர்ட்டுலகூட ஓடும்."

எனக்குத் தெரிந்த வேலை, என்னால் வந்த குறை, என் கையாலேயே சரிசெய்துவிடலாம் என்று இருந்தது. மூடும் பட்டனை அழுத்தினேன். திரையில் கோடு கொஞ்சம் கொஞ்சமாக நீண்டது. பாதியைத் தாண்டியது. டீ வந்தது. முக்கால் தாண்டியது. தேவகி கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஃபேன் நின்றது. திரை அணைந்தது.

மோகன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டாயிடுச்சா? இங்க பன்னெண்டுக்கு பூடும்பா. ரெண்டு மணிக்குத்தான் வரும்."

நான் எங்கள் ஏரியாவின் நேரத்தைக் கணக்கு வைத்து இன்னொரு ஏரியாவில் உட்கார்ந்திருந்தேன். சமையலறையில் இருந்த மோகனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெஷினைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மூடும் முன் ஒயர் இழுத்து வேறொன்றில் பதிவு செய்துகொண்டிருக்கலாம். இரண்டும் எனக்குத் தெரிந்த வேலைகள்தான். இரண்டு மணி வரை மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். கரண்ட் வந்ததும் போட்டேன். டிஸ்க் இல்லை என்று மெஷின் சொன்னது. எடுத்துத் துடைத்துப் போட்டேன். பல தடவை போட்டேன்.

பஸ் ஸ்டாப்பில் தேவகி ஒன்றுதான் சொன்னார். "தூக்கிகினு போலாம்னு சொன்னேன்ல அண்ணா."

நானே வந்து சாட்சி சொல்கிறேன், கேமரா பிடித்தவன் நான்தானே என்றேன். போனேன். அதிகாரி பொறுமையானவர், நான் சொன்னதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். ஆலைக்காக வந்திருந்த வக்கீல் எழுந்து ஒரே கேள்வி கேட்டார். நான் அந்த வீடியோ கடையில் வேலை செய்தேன் என்பதற்கு என்ன ஆதாரம்? சம்பளச் சீட்டு, அடையாள அட்டை, ஏதாவது ஒன்று? என்னிடம் எதுவும் இல்லை. கடை முதலாளியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார் அதிகாரி.

அண்ணாச்சி வந்தார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அதிகாரியைக் கும்பிட்டார்.

"இவரு உங்க கடையில வேலை செஞ்சாரா?"

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "தெரிஞ்ச ஆளுதான் சார். கடைப்பக்கம் வருவான், போவான்."

"ஆலையில வீடியோ எடுத்தாரா?"

"நான் பாத்ததில்ல சார்."

பெஞ்சில் என் பக்கத்தில் தேவகி உட்கார்ந்திருந்தார். அவர் அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தார். வேறு ஆதாரம் கிடைத்தால் கொண்டுவாருங்கள் அம்மா என்று அதிகாரி இரண்டு தடவை சொன்னார். வேறு எதுவும் கிடைக்கவில்லை. மனு தள்ளுபடியானது என்றும், தேவகி மகளோடு அக்கா வீட்டுக்குப் போய் இறால் உரிக்கும் வேலையில் இருக்கிறார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு தைரியம் வந்ததில்லை.

வாசலில் அண்ணாச்சி என் தோளைப் பிடித்தார். "கோவாலு, மனசுல வச்சுக்கிடாதடே. ஆமான்னு சொல்லியிருந்தா ஆள் ரிஜிஸ்டர் எங்கன்னு கேப்பான், ஒன்பது வருசத்துக்கு எங்க போக? நானும் பிள்ளைகுட்டிக்காரன். அந்தப் பொம்பளைக்கு ஆண்டவன் ஒரு வழி விடுவான். டீ குடிக்கியா?" இரண்டு டீ சொன்னார். என்னுடையதைக் கையில் கொடுத்தார். அவர் குரலில் எப்போதும்போலவே இருந்தது அன்பு. அதுதான் தாங்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நடந்தேன்.

யானைக்கவுனி தாண்டி, ராயபுரம் தாண்டி, கடலோரமாகவே போனேன். கன்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. டிரைவர்கள் நிழலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரிடம் வேலை எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு யார்டில் ஆள் எடுக்கிறார்கள், காலையில் ஆறு மணிக்கு கேட்டில் நின்றால் போதும் என்றார்.

மறுநாள் காலை அங்கே நின்றேன். மேஸ்திரி வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வந்தார்.

"பேரு?"

"கோபால்."

"காலு கையி நல்லா கீதா? உள்ள போ. காலி பொட்டிய கழுவணும்."

"பேர எழுதிக்கலியா?"

"எழுதி இன்னா பண்றது? கூப்டதான் பேரு. போ, பேஜார் பண்ணாத."

உள்ளே போனேன். தோல் ஏற்றி வந்த கன்டெய்னர், கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. என்னோடு ஏழு பேர் இருந்தார்கள். தண்ணீர்க் குழாய் வருகிற வரைக்கும் ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டேன், எந்தத் தெரு, எத்தனை வருடமாக இங்கே வருகிறாய் என்றும் கேட்டேன். வியாசர்பாடிக்காரர் ஒருவர், "இன்னா அண்ணாத்த, போலீஸா நீ?" என்று சிரித்தார். ஏழு பேரையும் மனதுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன். பிறகு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு பெட்டிக்குள் நுழைந்தேன்.